காகிதத்தில் ஒரு தெரு: கொலாஜில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணம் தீட்டிய தாள்களை வெட்டி அட்டையில் ஒட்டிச் செய்யும் படம்தான் கொலாஜ். புதுச்சேரி வைசியாள் வீதி அதற்கென்றே அமைந்த தெரு. கீழே திண்ணை, அதற்கு முன்னால் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், சில வீடுகளின் மாடியில் பிரெஞ்சுப் பாணி வளைவுச் சன்னல்கள். எல்லாமே வெட்டுவதற்குத் தோதான வடிவங்கள். இருந்தும் படம் கெடுகிறதென்றால், பெரும்பாலும் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்பே கெட்டிருக்கும்.

போஸ்டர் கலரில் காகிதம் தீட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. காய்ந்த பிறகும் அது நீரில் கரையும். பசையின் ஈரம் பட்டதும் சுவரின் மஞ்சள், பக்கத்து வெள்ளைச் சன்னலில் இறங்கிவிடும். அக்ரிலிக் வண்ணம் காய்ந்தால் கரையாது. தாள் 120 முதல் 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கட்டும். ஜெராக்ஸ் தாள் சுருளும். 200ஐத் தாண்டினால் அடுக்குகளின் விளிம்பு தடித்துத் தெரியும். தீட்டிய தாள்களை அடுக்கும்போது இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள். புழுக்கத்தில் அக்ரிலிக் பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஒரு சுவருக்கு ஒரே தாள் போதாது. வெயில் படும் பகுதி, சாதாரணப் பகுதி, நிழல் என்று மூன்று தாள்களாவது தீட்டுங்கள். நிழலுக்காக மஞ்சளில் கறுப்பைக் கலந்தால் பாசிப் பச்சையாகிவிடும்; கொஞ்சம் ஊதாவும் பழுப்பும் போதும். தாழ்வாரத்தின் நிழலைத் துணிந்து அடர்த்தியாக வையுங்கள். திண்ணையின் குளுமை அந்த நிழலில்தான் இருக்கிறது. அது வெளிறினால் தெருவே தட்டையாகிவிடும். ஓட்டுக்கு, செம்மண் நிற வண்ணம் ஈரமாக இருக்கும்போதே பழைய சீப்பால் இழுத்தால் வரிசை தானாக விழும். ஒவ்வொரு ஓடாக வெட்டி ஒட்ட வேண்டாம்.

காரை பெயர்ந்த சுவருக்குத் தாளைக் கிழிப்பது நல்லது. ஆனால் கிழிந்த இடத்தில் காரைபோலத் தெரியும் வெள்ளை ஓரம் இரண்டு துண்டுகளிலும் வராது. வண்ணப் பக்கம் மேலே இருக்க, ஒரு துண்டை உங்களை நோக்கி இழுத்துக் கிழித்தால், அழுத்திப் பிடித்த துண்டில்தான் வரும். இது தெரியாமல் கிழித்துத் தாளை வீணாக்குபவர்கள் அதிகம்.

வீடுகளைத் தனித்தனியே நேர்முகமாக வெட்டி வரிசையில் ஒட்டினால் தெரு வராது, சுவர்தான் வரும். முதலில் அட்டையில், பார்ப்பவரின் கண் உயரத்தைக் குறிக்கும் கிடைக்கோடான கண்மட்டக் கோட்டைப் போடுங்கள். தெருவின் கோடுகள் தூரத்தில் போய்க் கூடும் புள்ளி அந்தக் கோட்டில்தான் இருக்கும்; அங்கே ஒரு குண்டூசி குத்தி நூல் கட்டுங்கள். கண்மட்டத்துக்கு மேலுள்ள ஓட்டு விளிம்பு, சன்னல் மேல்வரி எல்லாம் நூலோடு சரிந்து இறங்க வேண்டும். திண்ணையின் அடிவரி ஏற வேண்டும்.

வானம், தூரத்து வீடுகள், அருகிலுள்ள சுவர்கள், கதவு சன்னல், நிழல், கடைசியாகத் தூண்கள் என்பதே ஒட்டும் வரிசை. துண்டுகளை அளவெடுத்தாற்போல் வெட்டினால் காய்ந்தபின் இடுக்கில் அட்டை பல்லிளிக்கும். முன்னால் வரும் துண்டுக்கு அடியில் செருக 3 முதல் 5 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள்.

அடுத்தது பசை. ஃபெவிகாலை அப்படியே அப்பினால் திட்டுத் திட்டாக நிற்கும். தண்ணீராக்கினால் தாள் கொப்புளிக்கும். மூன்று பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் சரி. தூரிகையால் ஓரம்வரை மெல்லிசாகத் தடவி, தாள் ஈரத்தில் விரிய அரை நிமிடம் விட்டு ஒட்டுங்கள். பட்டர் பேப்பரை மேலே வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துணியால் நீவுங்கள். காயும் தாள் சுருங்கி அட்டையை இழுக்கும். அதனால்தான் படம் கிண்ணம்போல் வளைகிறது. அட்டையின் பின்பக்கமும் அதே கனமுள்ள தாளை முழுக்க ஒட்டினால் இழுவை சமமாகும். பெரிய படத்துக்கு அட்டையைவிட 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை மேல்.

மின்கம்பிகளை நூலாக வெட்ட முயன்றால் நெளியும். கெட்டி அட்டையின் விளிம்பைக் கரும்பழுப்பு வண்ணத்தில் தொட்டு ஒற்றுங்கள். கம்பி சற்றுத் தொய்ய வேண்டுமென்றால் அட்டையை லேசாக வளைத்து ஒற்றலாம்.

சட்டமிடும்போது கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. கடலோர ஈரத்தில் அக்ரிலிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் மவுண்ட் அட்டை (நடுவில் வெட்டிய கெட்டி ஓர அட்டை) வைத்து இடைவெளி விடுங்கள்.