பழைய பைக்ல ஃபியூஸ் போய்ட்டே இருக்கா? ஒரு இண்டிகேட்டர் பல்பு போதும்

ஃபியூஸ் போச்சுன்னா இன்னொண்ணு போடுவோம், அதுவும் போச்சுன்னா 20 ஆம்ப் போடுவோம், அதுவும் போச்சுன்னா சிகரெட் அட்டைக்குள்ள இருக்க ஜிகினா தாள சுத்தி சொருகிட்டு போய்ட்டே இருப்போம். நானும் பண்ணிருக்கேன், சீட்டுக்கு அடியில ஒயர் உருகுன நாத்தம் ரெண்டு நாளைக்கு போகல. 10 ஆம்ப் இருந்த இடத்துல 10 தான் போடணும்.

பழைய இண்டிகேட்டர் ஹோல்டர் ஒண்ணு எடுத்து 12 வோல்ட் 21 வாட் பல்பு போட்டு ரெண்டு ஒயர் இழுத்து விடுங்க. ஃபியூஸ கழட்டிட்டு அந்த ரெண்டு முனையிலயும் இத மாட்டுங்க. இப்ப உள்ள எங்க ஷார்ட் இருந்தாலும் ரெண்டு ஆம்புக்கு மேல ஓடாது, பல்பு எரியும், ஒயர் எரியாது.

சாவி ஆஃப்லயே பல்பு பளிச்சுன்னு எரிஞ்சா கோளாறு சாவிக்கு முன்னாடியே இருக்கு, ரெக்டிஃபையர் (பேட்டரிக்கு சார்ஜ் அனுப்புற பெட்டி) பக்கம் போற ஒயரையும் கழட்டி பாருங்க. ஆஃப்ல எரியலன்னா சாவிய ஆன் பண்ணி பிரேக், ஹாரன், இண்டிகேட்டர்னு ஒவ்வொண்ணா போட்டு பாருங்க. மங்கலா எரிஞ்சா பயப்படாதீங்க, அது பிரேக் பல்பும் நம்ம பல்பும் வோல்ட்ட பங்கு போட்டுக்கிறது. முழு வெளிச்சம் வந்தா தான் ஷார்ட். (பிளாட்டினம் பாயிண்ட் வச்சு பேட்டரில ஓடுற வண்டின்னா காயில் ஒயர முதல்ல கழட்டிருங்க, இல்லன்னா அதுவே பல்ப எரிய விட்டு குழப்பும்.)

எங்க அப்பா வண்டில நேரா நின்னா ஒண்ணுமே இல்ல, ஹேண்டில இடது பக்கம் கடைசி வரைக்கும் திருப்புனா பல்பு பளிச்சுன்னு வரும், நேராக்குனா அணைஞ்சிரும். ஹேண்டில் திரும்புற காலர் பக்கத்துல டேப்ப உரிச்சு பாத்தா ஒரே ஒரு ஒயர்ல தோல் தேஞ்சு நகக்கண் அளவுக்கு செம்பு தெரியுது, அவ்ளோ தான். இதுக்கு முழு ஒயரிங்கையும் மாத்தணும்னு சொல்லிருந்தாங்க! டேங்குக்கு அடியிலயும் பின் மட்கார்டுக்கு உள்ளயும் இதே மாதிரி தேயும், அங்கயும் ஒயர ஆட்டிப் பாருங்க.

ஃபியூஸ் போகல, ஆனா இண்டிகேட்டர் போட்டா பின்னாடி லைட்டும் சேந்து கண்ணடிக்குதா? அது எர்த்து (கரண்ட் வண்டி பாடி வழியா பேட்டரி மைனஸுக்கு திரும்புற வழி) பிரச்சன. திரும்பி போக வழி இல்லாத கரண்ட் பக்கத்து பல்பு வழியா போகுது. லைட்ட எரிய விட்டு, வோல்ட்ல வச்ச மல்டிமீட்டரோட ஒரு முனைய ஹோல்டர் பாடிலயும் இன்னொண்ண பேட்டரி மைனஸ்லயும் வைங்க, கிட்டத்தட்ட ஜீரோ காட்டணும், அர வோல்ட்டுக்கு மேல காட்டுனா எர்த்து போல்ட்ட கழட்டி உப்புத்தாள் போட்டு தேய்ங்க. சேஸிஸ்க்கு புதுசா பெயிண்ட் அடிச்ச வண்டில இது ரொம்ப சகஜம், பெயிண்ட்டு மேலயே போல்ட்ட முறுக்கிருப்பாங்க. ஒயர் சேர்ற கப்ளருக்குள்ள பச்ச களிம்பு இருந்தா அதையும் சுரண்டிருங்க.

ஹெட்லைட் மட்டும் எரியலன்னா பேட்டரிய திட்டாதீங்க, நிறைய பழைய வண்டில அது நேரா மேக்னெட்டோல (இன்ஜின் சுத்துறப்ப கரண்ட் எடுக்குற காயில்) இருந்து வருது.

மேக்னெட்டோ வச்ச சிடிஐ (ஸ்பார்க்க உண்டாக்குற பெட்டி) வண்டில ஸ்பார்க்கே வரலன்னா, சிடிஐல இருந்து சாவிக்கு போற, இன்ஜின நிறுத்துற கில் ஒயர மட்டும் கழட்டிட்டு உதைங்க. ஸ்டார்ட் ஆச்சுன்னா சிடிஐ நல்லா இருக்கு, சாவி சுவிட்சோ அந்த ஒயரோ தான் எர்த்து ஆகுது. ஆனா இப்ப சாவிய திருப்புனாலும் இன்ஜின் நிக்காது, நிறுத்த நாலாவது கியர் போட்டு பிரேக்க அழுத்திப் பிடிச்சுட்டு கிளட்ச விடுங்க.