532 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு மெட்டாலென்ஸ் வடிவமைக்க

கண்ணாடிக் குவிலென்ஸ் நடுவில் தடித்திருப்பதால் அங்கே ஒளி கூடுதலாகத் தாமதிக்கிறது. மெட்டாலென்ஸ் என்பது நுண்ணிய தூண்கள் நட்ட தட்டையான லென்ஸ்; அதில் தூணின் உயரம் எங்கும் ஒன்றே. டைட்டானியம் டை ஆக்சைடில் 600 நானோமீட்டர் போதும். தாமதத்தை மாற்றுவது தூணின் அகலம்.

குவியத்தூரம் 1 மில்லிமீட்டர் என்று வையுங்கள். லென்ஸின் மையத்திலிருந்து தூணுக்கு உள்ள தூரத்தையும் குவியத்தூரத்தையும் வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, குவியத்தூரத்தைக் கழியுங்கள். வருவது பாதை வித்தியாசம். அது கூடக்கூட மெல்லிய தூணை நடுங்கள். மையத்திலிருந்து 32.6 மைக்ரோமீட்டரில் வித்தியாசம் சரியாக ஒரு அலைநீளம். அங்கே மறுபடி தடித்த தூணிலிருந்து தொடங்குங்கள். விளிம்பை நோக்கி இந்த வளையங்கள் நெருங்கிக்கொண்டே போகும்.

பலர் சறுக்குவது தூண்களின் இடைவெளியில்தான். எண்ணியல் துளை (லென்ஸ் ஒளியை எவ்வளவு அகன்ற கோணத்தில் குவிக்கிறது என்பதன் அளவு) 0.8 என்றால், ஒரு தூணின் நடுவிலிருந்து அடுத்த தூணின் நடு வரை உள்ள இடைவெளி 332 நானோமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விளிம்பில் ஒளி வேறு திசைகளில் சிதறும்.

வெள்ளை ஒளியில் சோதிக்காதீர்கள். கண்ணாடிக்கு நேர்மாறாக, இதில் சிவப்புதான் அருகில் குவியும்.