ஹெக்சோசமினிடேஸ் இல்லாத புழுவில் என்-கிளைக்கான் மாற்றத்தைப் பார்ப்பது எப்படி

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் உருளைப்புழுவின் என்-கிளைக்கான்களில் (புரதத்தில் நைட்ரஜன் வழியாக ஒட்டிய சர்க்கரைச் சங்கிலிகள்) கணிசமானவை குட்டையானவை: அடியில் இரண்டு என்-அசிட்டைல்குளுக்கோசமைன், மேலே மூன்று மேனோஸ், பல சமயம் ஃபியூக்கோஸ். தொடக்கத்திலேயே இப்படிக் கட்டப்படுபவை அல்ல இவை. செல்லின் கோல்ஜி உறுப்பில், ஆல்ஃபா-1,3 கிளையில் ஒரு என்-அசிட்டைல்குளுக்கோசமைன் (இனி சுருக்கமாகக் குளுக்கோசமைன்) ஏறுகிறது. அது இருந்தால்தான் மேனோசிடேஸ்-2 (மேனோஸை வெட்டுவது), ஃபியூட்-8 (ஆல்ஃபா-1,6 ஃபியூக்கோஸை ஏற்றுவது) ஆகிய நொதிகள் வேலை செய்யும். அதன்பின் ஹெக்ஸ்-2, ஹெக்ஸ்-3 என்ற ஹெக்சோசமினிடேஸ் நொதிகள் அந்தக் குளுக்கோசமைனை வெட்டிவிடுகின்றன. இந்த இரண்டும் போனால் அந்தக் குளுக்கோசமைன் அப்படியே நிற்கும்.

விளைவு அதோடு முடிவதில்லை. ஃபியூட்-1 நொதி, அந்தக் குளுக்கோசமைன் நீங்கிய கிளைக்கானில்தான் ஆல்ஃபா-1,3 ஃபியூக்கோஸை ஏற்றும். எனவே திரிபில் இந்த ஃபியூக்கோஸும் மாறும். அதை அடையாளம் காணும் குதிரைமுள்ளங்கி பெராக்சிடேஸ் எதிர்ப்பொருளைக் கொண்டு வெஸ்டர்ன் பிளாட் (புரதச் சோதனை) ஒன்றும் கட்டாயம் செய்யுங்கள்.

இந்த மரபணுக்கள் நீக்கப்பட்ட திரிபுப் புழுக்களை என்2 எனப்படும் இயல்பான காட்டுவகையோடு நான்கு முறையாவது பின்கலப்பு செய்து, பிசிஆரில் உறுதிப்படுத்துங்கள். இரண்டு வகையையும் 20 டிகிரியில், ஒரே வயதில், பட்டினி படாமல் வளர்த்து, ஒவ்வொன்றிலும் 2 முதல் 5 கிராம் ஈரப்புழு சேருங்கள். குளிரவைத்த 60 சதவீத சுக்ரோஸைச் சம அளவு கலந்து சுழற்றினால் புழு மிதக்கும், பாக்டீரியா அடியில் படியும். உடனே கழுவிவிடுங்கள்.

அடுத்த படியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். புழுவை உடைத்ததும், திரிபிலும் மிஞ்சியிருக்கும் வேறொரு ஹெக்சோசமினிடேஸ் லைசோசோமிலிருந்து வெளியேறி, நீங்கள் தேடும் குளுக்கோசமைனையே தின்றுவிடும். திரிபுப் புழு காட்டுவகை போலவே தெரியும். ஆகவே முதலில் கொதிநீரில் 10 நிமிடம், பிறகு அரைத்தல். 5 சதவீத ஃபார்மிக் அமிலத்தில் பெப்சினோடு 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, கிளைக்கோபெப்டைடுகளை நேர்அயனிப் பரிமாற்றப் பிசினில் பிடியுங்கள்.

கிளைக்கானைப் பெப்டைடிலிருந்து பிரிக்க பிஎன்ஜிஏஸ்-எஃப் நொதி மட்டும் போதாது: அடிக் குளுக்கோசமைனில் ஆல்ஃபா-1,3 ஃபியூக்கோஸ் இருந்தால் அதனால் வெட்ட முடியாது. அதனால் பிஎன்ஜிஏஸ்-ஏ நொதியைப் பயன்படுத்துங்கள்: பிஎச் 5, 37 டிகிரி, இரவு முழுக்க. இது முழுப் புரதத்தில் சரியாக வேலை செய்யாது. பெப்சின் படி அதற்காகத்தான்.

விடுபட்டவற்றை 2-அமினோபிரிடின் என்ற ஒளிரும் சேர்மத்தால் குறியிட்டு, ஒளிர்வு எச்பிஎல்சியில் (320, 400 நானோமீட்டர்) பிரித்து, மால்டி-டாஃப் நிறைமானியில் நிறை பாருங்கள். புரோட்டான் ஏறிய நிலையில் 989 என்பது மூன்று மேனோஸ் கொண்ட அடிக்கரு. ஒரு ஃபியூக்கோஸ் கூடினால் 1135. அதன்மேல் குளுக்கோசமைன் நின்றால் 1338. திரிபில் 1135 சரிந்து 1338 எழ வேண்டும். 162 இடைவெளியில் நீளமாக ஓடும் ஏணி தெரிந்தால் உடனே அதிகமேனோஸ் என்று எழுதிவிடாதீர்கள். தூய்மைப்படுத்தப் பயன்படும் ஜெல் வடிகட்டியிலிருந்து கசிந்த டெக்ஸ்ட்ரானும் (குளுக்கோஸ் சங்கிலி) அப்படித்தான் தெரியும். ஆல்ஃபா-மேனோசிடேஸ் கொடுத்தும் ஏணி அசையாவிட்டால் அது மேனோஸ் அல்ல.

1338 சிகரத்தை ஜேக்பீன் ஹெக்சோசமினிடேஸால் செரித்தால் 203 குறைந்து 1135க்கு வர வேண்டும். எந்த ஃபியூக்கோஸ் என்று பிரிக்க, 48 சதவீத ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் பனிக்கட்டி மேல் வையுங்கள்: ஆல்ஃபா-1,3 போகும், ஆல்ஃபா-1,6 நிற்கும். இந்த அமிலம் எலும்புவரை அரிக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் புட்டியைத் திறக்கக் கூடாது. கடைசியாக, இழந்த மரபணுவைத் திரும்பச் செலுத்திய புழுவிலும் இதே அளவீட்டைச் செய்யுங்கள். 1135 மீளாவிட்டால் மாற்றத்துக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.