மதம் பற்றி ஆன்லைனில் வாதாடப் போகிறவர்கள் செய்யக் கூடாத தவறுகள்

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணி இருக்கும். தங்கச்சி மகன் பாளையங்கோட்டையில் காலேஜ் முதல் வருஷம் படிக்கிறான், எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறான். திண்ணையில் உட்கார்ந்து போனில் மூச்சுவிடாமல் டைப் பண்ணிக்கொண்டிருந்தவன், "மாமா, இதைப் பாருங்க, அவனால பதிலே சொல்ல முடியல" என்று நீட்டினான். படித்தேன். 2013-ல் நான் ஃபேஸ்புக்கில் எழுதியது அப்படியே இருந்தது. என் பழைய பதிவை அவன் பார்த்ததே கிடையாது. யாரும் கூட்டிப்போகாமலே எல்லாரும் போய் விழுகிற குழி அது.

கெட்ட வார்த்தை, வெட்டி ஒட்டிய படம், சரிபார்க்காத ஃபார்வர்டு இதெல்லாம் தப்பு என்று செய்கிறவனுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். நியாயமாகத்தான் பேசுகிறோம் என்று முழுசாக நம்பிக்கொண்டே நாம் செய்கிற அநியாயம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் சொல்லவேண்டும்.

நமக்கு ஏடு, அவர்களுக்கு ஊர்

நான் சி.எஸ்.ஐ. குடும்பம், புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். 2013-ல் ஏதோ ஒரு ஊர்க் கோயில் கொடையில், ஒரு தெருவுக்குள் சப்பரம் வரக்கூடாது என்று சாதித் தகராறு. செய்தியை எடுத்துப் போட்டு, "உங்கள் மதம் இதுதான். எங்கள் வேதத்தில் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை" என்று எழுதினேன். லைக் குவிந்தது.

ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் ஒருவன், டவுனில் ரத வீதிப் பக்கம் வீடு. அவன் கீழே ஒரே வரி எழுதினான்: "உங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு எதுக்குலே ரெண்டு வாசல்?"

எங்கள் ஆச்சி இறந்தபோது வந்தவன் அவன். ஐப்பசி மழை. பெட்டியின் ஒரு மூலையை அவனும் தோளில் வாங்கினான், செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டதும் அதை அப்படியே விட்டுவிட்டு வெறுங்காலோடு குழி வரைக்கும் வந்தான். தெற்கு வாசல் வழியாகப் போனோம். வடக்கு வாசல் யாருக்கு, நடுவில் இடுப்பு உயரத்துக்குச் சுவர் எதற்கு என்று அன்றைக்கு அவன் கேட்கவில்லை. துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா அது? பார்த்து மனதில் வைத்திருக்கிறான்.

"ஆமாலே, இருக்கு, தப்புதான்" என்று நான் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக, "அது மனுஷன் செய்த தப்பு, வேதம் அப்படிச் சொல்லல" என்று எழுதினேன். அவன் எங்கள் நெல்லைப் பக்கத்து வடக்கன்குளத்தை எடுத்தான். 1872-ல் அங்கே கட்டிய கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு நீளப் பகுதிகள், பீடம் பொது, சாதி பார்த்து ஆட்கள் தனித்தனியாக உட்கார நடுவில் தடுப்பு. 1910-ல் கௌசானல் சாமியார் அந்தத் தடுப்பை இடித்துத் தள்ளினார், அதன்மேல் நடந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. இவ்வளவையும் அவன் எழுதினான். நான் சொன்ன பதில்: "அது கத்தோலிக்கர். நாங்க சி.எஸ்.ஐ."

இந்தப் பதிலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஏதோ ஒரு ஊரில் சப்பரம் மறித்ததை மொத்த இந்துக்கள் தலையிலும் கட்டியவன் நான். குற்றம் என் வாசலுக்கு வந்ததும் சபை சபையாகப் பிரித்து, இது என்னைச் சேராது என்று நழுவினேன். அவனைக் குறை சொல்ல நடப்பை எடுத்தேன், என்னைக் காப்பாற்ற வசனத்தை எடுத்தேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதை அப்படியே செய்துவிட்டு, சத்தியத்துக்காகப் போராடுகிறேன் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சரிலே" என்று ஒரு வார்த்தை எழுதினான். அதற்கப்புறம் எழுதவில்லை. அடுத்த வருஷம் என் மகள் கல்யாணத்துக்கு மொய்க் கவர் வந்தது, ஆள் வரவில்லை.

இது எங்கள் பக்கத்து நோய் மட்டும் இல்லை. 'ஒன்றே குலம்' என்று திருமூலரைக் காட்டுகிறவர், எதிராளிக்கு யூடியூபில் அற்புத சுகம் விற்கிற ஒரு பாஸ்டரைத்தான் தேடி எடுத்து வருவார். கோயிலுக்குள் எல்லாரும் போக 1939-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் போட வேண்டியிருந்ததை அவரிடம் சொன்னால், அது சமூகம், மதம் இல்லை என்பார். தொழுகையில் தோளோடு தோள் நிற்கிறதைக் காட்டுகிற மேலப்பாளையத்து நண்பரிடம், ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்று பெண் எடுப்பதில் பார்ப்பார்களே என்று கேட்டால், அது மார்க்கத்தில் இல்லை என்பார். மூன்று பேர் சொல்வதும் ஒருவகையில் உண்மை. ஆனால் அந்தச் சலுகையை எதிரில் நிற்கிறவனுக்குக் கொடுக்க மூன்று பேருக்கும் மனசு வராது.

ஏட்டை வைத்துப் பேசினால் ஏட்டோடு ஏட்டை வை. ஊர் நடப்பை வைத்துப் பேசினால் இரண்டு ஊரையும் வை. அனுப்புவதற்கு முன்னால், எழுதியதில் அவன் மதத்தின் பெயரை எடுத்துவிட்டு உன் மதத்தின் பெயரைப் போட்டு ஒருமுறை வாய்விட்டுப் படி. படிக்கும்போது "அது அப்படி இல்ல, அதுக்கு ஒரு காரணம் இருக்கு" என்று உனக்குத் தோன்றுகிற இடம்தான் நீ அநியாயம் செய்திருக்கிற இடம்.

வந்தால் தெளிவு, போனால் விலை

1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் பல நூறு பேர் இஸ்லாத்துக்கு மாறினார்கள். இப்போது தென்காசி மாவட்டம், அப்போது நெல்லையோடு இருந்தது. நாற்பது வருஷம் தாண்டியும் அந்த ஊர் வாதங்களில் வந்துகொண்டே இருக்கிறது. வளைகுடாப் பணம் என்கிறவர், தன் பக்கம் திரும்பி வந்தவனை மட்டும் தாய்வீடு வந்தான் என்பார். சாதிக் கொடுமை தாங்காமல் சுயமாக எடுத்த முடிவு என்று இன்னொருவர் சொல்வார், தன் மார்க்கத்தை விட்டு ஒருவன் போனால் அவனுக்கு மட்டும் சுயபுத்தி கிடையாது. எங்கள் சபைகளிலும் இதுதான். வருகிறவன் இரட்சிக்கப்பட்டவன், போகிறவன் பின்மாறிப் போனவன். மாறினவர்களிடம் போய்க் கேட்டவர் யார்? அந்த ஊர் ஜனங்கள் பட்ட அவமானம் அவர்களுடையது, நம் வாதத்துக்கு அது செங்கல் இல்லை.

கால்டுவெல்லை வசதிக்குத் தகுந்தபடி கூப்பிடுவது

1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்று சொல்லும்போது அறிஞர். இடையன்குடியில் மிஷனரியாக இருந்த அதே ஆள் 1849-ல் நாடார்களைப் பற்றி எழுதிய புத்தகம் அந்தச் சமுதாயத்தை எவ்வளவு புண்படுத்தியது என்று வந்தால் வெறும் பாதிரி. எதிர்த்தரப்பும் இதையேதான் தலைகீழாகச் செய்கிறது. சாட்சியை ஏற்றுக்கொண்டால் முழுசாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனால் எந்தக் காரணத்தால் ஒன்றைத் தள்ளுகிறோமோ, அந்தக் காரணம் மற்றதற்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆதாரம் கேட்பது

கேள். உன்னிடம் கேட்டாலும் கொடு.

"என் மனசு புண்படுது"

அவனுக்கும் மனசு உண்டு.

தங்கச்சி மகனிடம் அந்த ராத்திரியே அவன் எழுதியதைப் பெயர் மாற்றிப் படிக்கச் சொன்னேன். முதலில் சிரித்தான். நாலாவது வரியில் நிறுத்திவிட்டான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மாமா, நம்ம ஊர்க் கல்லறைத் தோட்டத்துல அந்தச் சுவர் இப்பவும் இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு" என்றேன்.