கூட இருக்கற மனுசங்கள ரசிக்கறது எப்படி, அத அவங்ககிட்ட சொல்றது எப்படி

போன வருசம் எங்க பெரிய மாமா தவறிட்டாங்க. வாசல்ல சாமியானா போட்டு, வாடகை சேர்ல உக்காந்து வந்தவங்க எல்லாரும் அவரப் பத்திதான் பேசிக்கிட்டு இருந்தாங்க, ஆனா அவர் பாத்த உத்தியோகத்தப் பத்தியோ கட்டின வீட்டப் பத்தியோ யாரும் பேசல. "யாரு ஊருக்குக் கெளம்புனாலும் மாட்டுத்தாவணி வரைக்கும் வந்துருவாரு, பஸ்ஸ எடுக்கற வரைக்கும் ஜன்னலுக்குக் கீழயே நிப்பாரு, புள்ள தனியா போகுது பாத்துக்கங்கன்னு கண்டக்டர்கிட்ட சொல்லிட்டுதான் நகருவாரு"ன்னு ஒருத்தர் சொன்னாரு. தினசரி காலண்டர்ல கிழிச்ச தாள வீசாம க்ளிப்ல போட்டு வச்சு, அதுக்குப் பின்னாடி பால் கணக்கு எழுதுவாருன்னு இன்னொருத்தங்க சொன்னாங்க. எல்லாமே எனக்கும் தெரிஞ்ச விசயம்தான். அந்த ஜன்னல் சீட்ல எத்தன தடவ நான் உக்காந்திருக்கேன், ஒரு தடவ கூட "மாமா, நீங்க இப்படி நிக்கிறது எனக்கு ரொம்பப் புடிக்கும்"னு சொன்னதே இல்ல.

அன்னைக்கு வந்த வலிலதான் இத ஒரு பழக்கமா பழக ஆரம்பிச்சேன். ஒரு வருசமா பண்ணிக்கிட்டு வர்றேன். எனக்கு சரியா வந்தது, வராதது ரெண்டையும் எழுதறேன், யாருக்காவது உதவும்.

மொத வேல, "நல்லவரு", "தங்கமான மனுசன்", "ஸ்வீட் பர்சன்" மாதிரி வார்த்தைகள கொஞ்ச நாளைக்கு எடுத்து ஓரமா வச்சிருங்க. அத யாருக்கு வேணாலும் ஒட்டலாம், அதனால அது யாரையும் காட்டாது. அதுக்குப் பதிலா, இவங்க கை என்ன செய்யுதுன்னு பாருங்க. எங்க தெருவுல மூணாவது வீட்டு அக்காவுக்கு நான் ஏதாவது டப்பாவுல குடுத்து விட்டேன்னா, ரெண்டு நாள்ல கழுவித் தொடச்சுத் திரும்ப வந்துரும், உள்ள கருவேப்பிலையோ ரெண்டு எலுமிச்சம்பழமோ இருக்கும். ஏனத்த வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாதுங்கறது நாம எல்லாரும் கேட்டு வளந்ததுதான். ஆனா ஒரு தடவ அவங்க வீட்ல ஒண்ணுமே இல்ல போல, ஒரு துண்டு பேப்பர்ல ரெண்டு ஸ்பூன் சக்கரைய பொட்டலமா மடிச்சு டப்பா நடுவுல வச்சிருந்தாங்க, பழைய பலசரக்குக் கடைல மடிப்பாங்களே அதே மாதிரி மூல சொருகி, கொஞ்சங்கூட சிந்தாம. அத நான் பிரிக்கவே யோசிச்சேன். அந்த அக்கா எப்படிப்பட்டவங்கன்னு யாராவது கேட்டா இப்ப எனக்கு ஒரு வார்த்த தேவையில்ல, அந்தப் பொட்டலத்த சொன்னா போதும்.

எங்க பாக்கணும்னா, ஒருத்தர் உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கும்போது அவ்வளவா தெரியாது, அப்ப எல்லாரும் கொஞ்சம் உஷாராதான் இருப்போம். வேல செய்யும்போது பாருங்க, கெளம்பும்போது பாருங்க, மத்தவங்களுக்கு சோறு போடும்போது பாருங்க. பூக்காரம்மா முழம் அளந்து முடிச்சுட்டு ஒரு வெரக்கட தள்ளி விட்டு நார அறுக்கறது, டீ மாஸ்டர் நீங்க ரோட்ட க்ராஸ் பண்ணும்போதே சக்கர கம்மி க்ளாஸ தனியா எடுத்து வைக்கிறது, இதெல்லாம் ஒரு செகண்ட்ல முடிஞ்சுரும். அதனால முடிஞ்ச வரைக்கும் ஒரே கடைக்கு, ஒரே நேரத்துக்குப் போங்க. ராபர்ட் ஸயான்ஸ்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் 1968லயே இதப் பத்தி எழுதியிருக்காரு, அர்த்தமே தெரியாத எழுத்து, முன்னப்பின்ன பாக்காத முகம், எதா இருந்தாலும் அடிக்கடி கண்ணுல பட்டா நமக்கு அது மேல ஒரு பிரியம் வந்துருதாம். தெனமும் ஒரே டவுன் பஸ்ல போறவங்களுக்கு இத யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல.

பாத்தத போன்ல ஒரு வரி எழுதி வச்சுக்கங்க. பெரிசா வேணாம், "அத்த, தோச மொறுமொறு ஓரத்த எனக்கு பிச்சு வச்சாங்க" அவ்வளவு போதும். எழுதலன்னா ஒரு வாரத்துல மறந்துரும், எனக்கு நெறைய அப்படிப் போயிருக்கு.

அடுத்தது கொஞ்சம் கஷ்டம். நம்மள எரிச்சல் படுத்தற பழக்கங்கள். எங்க அப்பா ட்ரெய்ன் ஒம்போது மணிக்குன்னா ஏழரைக்கே ஸ்டேஷன்ல இருக்கணும்பாரு, வீட்டப் பூட்டிட்டு மூணு தடவ பூட்ட இழுத்துப் பாப்பாரு, தெரு முனை வரைக்கும் போயிட்டு கேஸ் மூடுனியான்னு கேட்டுத் திரும்பி வருவாரு. சின்ன வயசுல இதுக்காக நான் எவ்வளவோ சண்ட போட்டிருக்கேன். இப்ப நான் பண்றது, இந்தப் பழக்கம் எதுக்காகக் காவல் நிக்குதுன்னு கேட்டுப் பாக்கறது. அப்பாவுக்கு அது நாங்கதான். அது புரிஞ்சதுக்கு அப்புறம் எரிச்சல் முழுசா போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த ஒன்றரை மணி நேரம் ப்ளாட்பாரத்துல அவரோட உக்காந்து பேசற நேரமா மாறிருச்சு. வேற எங்கயும் அவர் அவ்வளவு பேசறதில்ல.

இங்க ஒரு சோதனையப் பத்தி சொல்லியே ஆகணும். எலியட் அரோன்சன்னு அமெரிக்க உளவியல் பேராசிரியர், 1966ல தன் கூட வேல பாத்தவங்களோட சேந்து வெளியிட்டது. வினாடி வினாவுல பதில் சொல்ற ஒருத்தரோட டேப்ப காலேஜ் பசங்களுக்குப் போட்டுக் காட்டுனாங்க. ஒரு டேப்ல அந்த ஆளு 92 சதவீதம் சரியா சொல்றாரு, இன்னொண்ணுல 30 சதவீதம்தான். சில டேப்ல கடைசில அவர் காப்பிய தன் மேல கொட்டிக்கற மாதிரி வரும். நல்லா பதில் சொன்னவர் காப்பி கொட்டுனதும் கேட்டவங்களுக்கு அவர இன்னும் புடிச்சுப் போச்சு. சுமாரா சொன்னவர் அதே காப்பிய கொட்டுனா, இருந்த பிரியமும் கொறஞ்சு போச்சு. மொத பாதிய மட்டும் சொல்லி, தப்பு பண்றது அழகுன்னு முடிச்சுருவாங்க. எனக்கு ரெண்டாவது பாதிதான் முக்கியமா படுது. ஆபீஸ்ல மேனேஜர் யாரோட பேரையாவது மாத்திச் சொன்னா எல்லாரும் சிரிச்சு ரசிக்கிறோம், அதையே புதுசா சேந்த பையன் சொன்னா கவனம் பத்தலங்கறோம். அதனால நான் இப்ப வேணும்னே, வாட்ச்மேன் அண்ணன், வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, ஹவுஸ்கீப்பிங்ல இருக்கறவங்க, இவங்ககிட்ட இருக்கற சின்னச் சின்ன விசயத்த மொதல்ல பாக்கணும்னு வச்சிருக்கேன். எங்க வாட்ச்மேன் அண்ணன் எல்லா நாய்க்கும் அந்தந்த ஃப்ளாட் நம்பர்லதான் பேர் வச்சிருக்காரு, "ஏ, நாநூத்தி ரெண்டு, இங்க வா"ன்னு கூப்புடுவாரு, அது ஓடி வரும். ரெண்டு வருசமா அந்தக் கேட்ல போயிட்டு வந்தும் எனக்கு இது தெரியாது.

ஒண்ணு தெளிவா சொல்லிர்றேன், எல்லாத்தையும் ரசிக்கணும்னு கட்டாயம் கெடையாது. "உரிமைல சொல்றேன்"னு ஆரம்பிச்சு நெறத்தையும் ஒடம்பையும் கொழந்த இல்லாததையும் குத்திக் காட்டறது சுபாவம் இல்ல, அது காயப்படுத்தறது. அப்படிப்பட்டவங்ககிட்டருந்து தள்ளி இருங்க, குத்த உணர்ச்சியே வேணாம்.

இப்ப, ரசிச்சத அவங்ககிட்ட சொல்றதுக்கு வருவோம், நம்ம ஆளுங்களுக்கு அதுதான் மலை. நேரா பாத்து ஒருத்தர பாராட்டுனா "என்ன, ஏதும் காரியம் ஆகணுமா?"ம்பாங்க, இல்லன்னா கண்ணு வச்சுராதங்கம்பாங்க. அதனால முகத்துக்கு நேரா பெரிசா ஆரம்பிக்காதீங்க. மூணாவது மனுசங்ககிட்ட, அவங்க காதுல விழற மாதிரி சொல்லுங்க, "சித்தப்பா இருந்தா போதும், கல்யாண வீட்ல பந்தி தானா நடக்கும்"னு. இல்லன்னா கேட்டு வாங்குங்க, "அந்த ரசம் நீங்க வச்சாதான்"னு சொல்றத விட நல்ல பாராட்டு எனக்குத் தெரிஞ்சு இல்ல. வேலைக்கு நடுவுல, வெங்காயம் உரிக்கும்போதோ வண்டில போகும்போதோ, கண்ணப் பாக்க வேண்டாத நேரத்துல சொன்னா ரெண்டு பேருக்கும் கூச்சம் கொறையும். சொல்லிட்டு உடனே வேற பேச்சுக்குப் போயிருங்க, பதிலுக்குக் காத்திருக்காதீங்க. முக்கியமா, நடந்தத சொல்லுங்க. "நீங்க ரொம்ப உதவி"ன்னா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது, "அன்னைக்கு மழைல என் துணியையும் சேத்து எடுத்து மடிச்சு வச்சீங்களே"ன்னா நீங்க கவனிச்சது தெரியும்.

சிலத சொல்லவே கூடாதுன்னும் கத்துக்கிட்டேன். கூட வேல பாக்கறவர் ஒருத்தர் எக்ஸெல் ஷீட்ல கணக்கு சரியா வர்றப்ப மெல்ல ஹம் பண்ணுவாரு, அவருக்கே அது தெரியாது. நான் ஒரு நாள் ஆசையா எல்லார் முன்னாடியும் அத சொல்லிட்டேன். அன்னைக்கோட அந்த ஹம் நின்னு போச்சு. தனக்கே தெரியாம ஒருத்தர் செய்யறத பேர் சொல்லிக் கூப்புட்டா அது கூச்சப்பட்டு ஓடிப் போயிரும். அந்த மாதிரி விசயத்த உங்களுக்குள்ளயே வச்சு ரசிங்க. கேலி பண்ற குரல்லயும் சொல்லாதீங்க, உங்களுக்கு அது செல்லமா இருக்கும், அவங்களுக்கு எப்படி இருக்கும்னு தெரியாது.

சொன்னா அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமோன்னு தயங்கறவங்களுக்கு: அமித் குமார், நிக்கோலஸ் எப்லின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2018ல இத சோதிச்சுப் பாத்தாங்க. நன்றிக் கடிதம் எழுதுனவங்க, வாங்கறவங்களுக்கு சங்கடமா இருக்கும்னு அதிகமாவும், சந்தோசமா இருக்கும்னு கம்மியாவும்தான் நெனச்சிருக்காங்க. வாங்குனவங்க சொன்னது அதுக்கு நேர்மாறு.

எனக்கும் அப்படித்தான் நடந்துச்சு. போன மாசம் சித்திக்கு போன் பண்ணி, "லீவுக்கு வந்தா ராத்திரி எந்திரிச்சு எங்க எல்லாருக்கும் போர்வைய இழுத்து விடுவீங்களே, நான் பாதி நாள் முழிச்சுதான் கெடப்பேன் சித்தி, அதுக்காகவே வேணும்னு காலால தள்ளி விடுவேன்"னு சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "சரி, அடுப்புல பால் வச்சிருக்கேன், வையி"ன்னுட்டாங்க. நான் சொல்லியிருக்க வேணாமோன்னு ரெண்டு நாள் மனசு அடிச்சுக்கிச்சு. மூணாவது நாள் பஸ்ல போட்டு விட்ட பார்சல் ஒண்ணு வந்துச்சு. பாட்டில் நெறைய நார்த்தங்கா ஊறுகாய், எண்ண ஒழுகாம மூடிக்கு அடில கவர வச்சு, அதுக்கு மேல ரப்பர் பேண்ட நாலு சுத்து சுத்தி, எல்லாத்தையும் ஒரு பழைய போர்வத் துணில பொதிஞ்சு அனுப்பியிருந்தாங்க.