சிறுநகரத்தில் மருத்துவ பில்லிங் மையம் தொடங்குவது எப்படி?

சர்வதேசத் தொலைபேசிச் சேவையில் வி.எஸ்.என்.எல். நிறுவனம் கொண்டிருந்த ஏகபோகம் 2002 ஏப்ரலில் முடிவுக்கு வந்து, வெளிநாட்டு இணைப்புச் செலவு சரியத் தொடங்கியதும், வெளிநாட்டு நிறுவனங்களின் அலுவலக வேலைகளை இங்கிருந்து செய்துகொடுக்கும் பிபிஓ தொழில் இந்தியாவில் வேகம் பிடித்தது. அதில் ஒரு கிளையான அமெரிக்க மருத்துவ பில்லிங், அதாவது அங்குள்ள மருத்துவர்களுக்காகச் சிகிச்சைக் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனங்களிடம் கேட்டு வாங்கித் தரும் வேலை, சென்னையோடு நில்லாமல் திருச்சி, கோவை வரை வேரூன்றியிருக்கிறது. சிறிய ஊர்களில் பிபிஓ மையம் தொடங்க ஓர் ஊழியர் இருக்கைக்கு 1 லட்சம் ரூபாய் வரை உதவிய மத்திய அரசின் திட்டம் 2019 மார்ச்சோடு முடிந்துவிட்டதால், மானியத்தை நம்பிக் கட்டடம் பிடிக்காதீர்கள். முதலில் வேலையைப் பிடியுங்கள்.

நேரடியாக அமெரிக்க வாடிக்கையாளரைத் தேடுவதைவிட, பெரிய நிறுவனம் ஒன்றிடம் துணை ஒப்பந்தம் பெறுவதே தொடக்கத்தில் நடைமுறைக்கு ஒத்துவரும். அதிலும் சார்ஜ் என்ட்ரி (சிகிச்சைக் கட்டண விவரங்களைப் பதிவது), பேமென்ட் போஸ்டிங் (வந்த பணத்தைக் கணக்கில் ஏற்றுவது) போன்ற பகல் வேலைகளைக் கேளுங்கள். நிலுவைப் பணம் குறித்துக் காப்பீட்டு நிறுவனங்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் ஏஆர் காலிங்கில் வருமானம் கூடுதல்தான். ஆனால் நியூயார்க்கில் காலை 9 மணி என்பது நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. இரவு ஷிப்ட், வீட்டு வாசல் வரை வண்டி, பெண் ஊழியர்களின் பாதுகாப்பு என்று செலவும் பொறுப்பும் ஏறிக்கொண்டே போகும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், துல்லியத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். 20 விவரங்கள் கொண்ட ஒரு க்ளெய்மில் (காப்பீட்டுக் கோரிக்கையில்) நோயாளியின் காப்பீட்டு எண்ணில் ஒரே ஓர் இலக்கம் பிசகினால், விவரவாரியாகப் பார்க்கையில் மதிப்பெண் 95 சதவீதம். க்ளெய்ம்வாரியாகப் பார்த்தால் பூஜ்யம். அபராதம் இதில்தான் ஒளிந்திருக்கும்.

பயிற்சியில் ஆங்கில உச்சரிப்பைவிட மறுப்புக் குறியீடுகளுக்கு, அதாவது காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்த காரணத்தைச் சொல்லும் குறியீடுகளுக்கு, அதிக நேரம் கொடுங்கள். சிஓ 16 என்று வந்தால் தேவையான விவரம் விடுபட்டிருக்கிறது அல்லது பிழையாக இருக்கிறது என்று பொருள்; திருத்தி மீண்டும் அனுப்பலாம். சிஓ 29 என்றால் அனுப்பும் கெடு கடந்துவிட்டது. அந்தப் பணம் பெரும்பாலும் போனது போனதுதான். முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேருக்குச் சிகிச்சை நாளிலிருந்து ஓராண்டு கெடு உண்டு. சில தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் 90 நாள்களே தருகின்றன. ஆகவே, வந்த வரிசையில் வேலையைப் பிரிக்காமல், கெடு நெருங்குவதை முதலில் எடுக்கும்படி காலையிலேயே பட்டியலிடச் சொல்லுங்கள்.

சிறிய மையங்களைச் சாய்ப்பது பெரும்பாலும் வேலைக் குறைவு அன்று, பணச் சுழற்சி. சம்பளம் மாதம் முடிந்ததும் கொடுத்தாக வேண்டும். பில் பணமோ ஒன்றரை மாதம் கழித்து வரும். சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு வைத்திருந்தால், ஒப்பந்தம் எப்படியிருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும் என்று சட்டப்படி கேட்கலாம். அப்படியும் மூன்று மாதச் சம்பளத்தைத் தனியே எடுத்து வைக்காமல் ஆள் எடுக்காதீர்கள்.

நோயாளிகளின் தகவல்களை அமெரிக்காவின் ஹிப்பா சட்டம் காக்கிறது. அதன் கட்டுப்பாடுகள் ஒப்பந்தத்தின் வழியே உங்களையும் சேரும். வேலையறைக்குள் கைபேசி, பென் டிரைவ், துண்டுச் சீட்டு எதுவும் கூடாது. தணிக்கைக்கு வருபவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது கணினியை அல்ல, மேசைக்கடியில் இருக்கும் குப்பைக்கூடையை.