நம்ம ஊரு மியூசியத்துல வாலண்டியரா போகணுமா, இப்படிப் போங்க

மியூசியம்னாலே சென்னை எழும்பூர்தான் ஞாபகம் வரும், 1851ல ஆரம்பிச்சது, செத்த மிருகங்களைப் பாடம் பண்ணி வெச்சிருக்கிறதால பழைய மெட்ராஸ்காரங்க இன்னும் செத்த காலேஜ்னுதான் சொல்வாங்க. ஆனா வாலண்டியரா வேலை பாக்க என்னைக் கேட்டா மாவட்ட அருங்காட்சியகத்துக்குப் போங்கன்னுதான் சொல்வேன். அங்க ஆள் கம்மி, வேலை மலை மாதிரி கிடக்கும், ஒரு காப்பாட்சியர் (க்யூரேட்டர், மியூசியத்துக்குப் பொறுப்பான அதிகாரி), ரெண்டு மூணு ஸ்டாஃப், அவங்களே ஃபைலும் பாக்கணும் ஸ்கூல் பசங்களையும் பாக்கணும். நீங்க கொஞ்சம் உருப்படியா கை கொடுத்தா உடனே தெரியும்.

முதல்ல எந்த மியூசியம் யார் கையில இருக்குன்னு பாத்துக்கோங்க, இதுல நிறைய பேர் அலையுறாங்க. புதுக்கோட்டை (திருக்கோகர்ணத்துல இருக்கே, 1910ல தொடங்கினது), வேலூர், சேலம், ஈரோடு இதெல்லாம் அருங்காட்சியகங்கள் துறை. கீழடி, கங்கைகொண்ட சோழபுரம், தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை இதெல்லாம் தொல்லியல் துறை. ரெண்டும் வேற வேற ஆபீஸ், இங்க குடுக்குற லெட்டர் அங்க செல்லாது. முட்டுக்காடு தட்சிணசித்ரா தனியார் அறக்கட்டளை நடத்துறது, அங்க நேரா அவங்ககிட்டயே கேட்டுக்கலாம்.

லெட்டர் எழுதுறதுக்கு முன்னாடி டிக்கெட் வாங்கிட்டு ஒரு தடவை பார்வையாளரா சுத்திப் பாருங்க. எந்த லேபிள் மங்கிப் போயிருக்கு, எதுக்கு லேபிளே இல்ல, எந்த ரூம்ல ஜனங்க நிக்காம நடந்து போயிடுறாங்க, எல்லாம் நோட் பண்ணிக்கோங்க. அப்புறம் காப்பாட்சியரைப் போய்ப் பாத்து "சார், எனக்கு வரலாறுன்னா உயிர்"னு ஆரம்பிக்காதீங்க, அதை வர்ற எல்லாரும் சொல்வாங்க. "மேடம், எனக்கு தமிழ் டைப்பிங் வரும், போட்டோ எடுப்பேன், ஞாயித்துக்கிழமை காலைல மூணு மணி நேரம் வர முடியும், பாக்கியா இருக்கிற வேலை ஏதாவது குடுங்க"னு சொல்லுங்க. அதையே ஒரு பக்கத்துல எழுதி ஆதார் காப்பியோட குடுத்துடுங்க, காலேஜ் பசங்கன்னா துறைத்தலைவர் கையெழுத்து இருந்தா நல்லது. மேல எழும்பூர் தலைமை ஆபீஸ்ல கேக்கணும்னு சொன்னா அவசரப்படாதீங்க, அரசாங்க வேலை அப்படித்தான் நகரும்.

போன உடனே ஐம்பொன் சிலையைக் கையில குடுப்பாங்கன்னு கனவு காணாதீங்க. ரெஜிஸ்டர்ல இருக்கிறதை எக்ஸெல்ல ஏத்துறது, லேபிள் டைப் பண்றது, கண்ணாடி துடைக்கிறது, இதுல தொடங்கும். போர்தான், ஆனா அந்த ரெஜிஸ்டர்லதான் மியூசியத்தோட மொத்தக் கதையும் இருக்கு, எந்த ஊர், எந்த வருஷம், யார் குடுத்தது, எல்லாம். ஒரு பொருள் மேல போட்ட ரெஜிஸ்டர் நம்பர் அழிஞ்சு போயிடுச்சுன்னா அது வெறும் பழைய சாமான்.

பானை ஓட்டுக்கு நம்பர் போடுறது சின்ன வேலை மாதிரி தெரியும், ஆனா அதுல நுணுக்கம் இருக்கு. ஓட்டோட உள்பக்கமா, கீறலோ எழுத்தோ இல்லாத மூலையா பாத்து முதல்ல லேசா ஒரு கோட் அரக்கு மாதிரி பூசுவாங்க, அது காஞ்சப்புறம் இங்க்ல நம்பர், அது மேல திரும்ப ஒரு கோட். நாளைக்கு நம்பரை எடுக்கணும்னா ஓட்டுக்கு ஒண்ணும் ஆகாம எடுத்துடலாம். நேரா மார்க்கர்ல எழுதினா போச்சு, ஊறிடும். நம்பர் போடுற இங்க்கைத் தவிர அந்த டேபிள் பக்கம் வேற பேனாவே வேண்டாம், குறிப்பெழுத பென்சில் மட்டும். மோதிரம், வளையல், வாட்ச் கழட்டிடுங்க. பானையை வாயைப் பிடிச்சுத் தூக்காதீங்க, அடியில ரெண்டு கையும் குடுத்துத் தூக்கணும்.

காசு விஷயத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். சோழர் செப்புக்காசு பச்சையா களிம்பு பிடிச்சு இருக்கும், ஒரு பக்கம் நிக்கிற உருவம், மறுபக்கம் உக்காந்த உருவம். அதைப் பாத்ததும் நம்ம ஆளுங்களுக்குக் கை துறுதுறுன்னு வரும், குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடுமேன்னு. தேய்ச்சா எழுத்தும் சேந்து போயிடும். கெட்டியான பச்சைப் படலம் காசைக் காப்பாத்துது, அதை விட்டுடுங்க. வெளிறின பச்சையில மாவு மாதிரி உதிர்ந்தா மட்டும் உடனே காப்பாட்சியர்கிட்ட சொல்லுங்க, அது உலோகத்தை அரிக்கிற நோய், பக்கத்துல இருக்கிற காசைத் தள்ளி வைக்கணும். அதுக்கு வைத்தியம் பண்றது கெமிஸ்ட் வேலை, எழும்பூர்ல 1930கள்லயே அதுக்குன்னு லேப் வந்துடுச்சு.

ஓலைச்சுவடி கட்டு வந்தா கயித்தை உருவாதீங்க. கட்டோட இருக்கும்போதே போட்டோ, அப்புறம் ஒவ்வொரு ஏடா வரிசை மாறாம எடுக்கணும். பூச்சி அரிக்காம இருக்க லெமன்கிராஸ் எண்ணெய் தடவுறதெல்லாம் பழகினவங்க பக்கத்துல இருந்தாத்தான்.

எனக்குப் பிடிச்சது ஸ்கூல் பசங்க வர்ற நாள். அறுபது பசங்க ஒரே நேரத்துல உள்ள வருவாங்க, டீச்சர் "லைன், லைன்"னு கத்திட்டு இருப்பாங்க, அங்க நின்னு கி.பி. பத்தாம் நூற்றாண்டுன்னு ஆரம்பிச்சா ஒருத்தனும் கேக்க மாட்டான். நடுகல் (சண்டையில செத்த வீரனுக்கு நட்ட கல்) முன்னாடி உக்கார வெச்சு "இவரு கையில என்ன இருக்கு? பக்கத்துல மாடு எதுக்கு?"ன்னு கேளுங்க, அவங்களே மாட்டை மீட்கப் போன சண்டைன்னு வந்து நிப்பாங்க. முதுமக்கள் தாழிகிட்ட, அதாவது செத்தவங்களைப் புதைச்ச பெரிய பானைகிட்ட, எப்பவும் ஒருத்தன் "உள்ள ஆளு இருக்காரா"ன்னு கேப்பான். சிரிக்காதீங்க, சரியான கேள்வி. சில தாழில முழு உடம்பு, சிலதுல எலும்பை மட்டும் பொறுக்கி வெச்சிருக்காங்க, கூட சின்னச் சின்னக் கலயமும் இரும்புச் சாமானும் வெச்சாங்கன்னு சொன்னா கண்ணு விரிய கேப்பாங்க. மூணு பொருள் போதும், மொத்த ஹாலையும் ஒப்பிக்க வேண்டாம்.

ஊர்க்காரங்க ஏதாவது கொண்டு வந்து குடுப்பாங்க, மரக்கால், படி, ஏத்தம் இறைச்ச சால், பத்திரக் கட்டு. வாங்கி வெச்சதோட விட்டா பாதி வேலைதான். "பாட்டி, இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு, யாரு வெச்சிருந்தா, எப்ப நிறுத்தினீங்க"ன்னு கேட்டு அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதுங்க, அனுமதி கேட்டு போன்ல ரெக்கார்டும் பண்ணிக்கலாம். அந்தப் பாட்டிக்கு அப்புறம் அதைச் சொல்ல ஆள் இல்ல.

வீடு கட்டக் குழி தோண்டும்போது சிலையோ காசோ கிடைச்சுதுன்னு யாராவது காதுல சொன்னா அதை வாட்ஸ்அப்ல போட்டுத் தொலைக்காதீங்க. 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்கணும், விஏஓ, தாசில்தார் வழியா போகச் சொல்லுங்க, மாவட்ட மியூசியத்துக்கு வர்ற சிலைகள்ல நிறைய அப்படி வந்ததுதான். "இது என்ன விலை போகும்"னு கேட்டா வாயே திறக்காதீங்க, அது வாலண்டியர் பதில் சொல்ற விஷயமே இல்ல.

எப்ப போய்க் கேக்கலாம்னா, மே 18 உலக அருங்காட்சியக தினம், நவம்பர் 19ல இருந்து 25 வரைக்கும் பாரம்பரிய வாரம், இந்த ரெண்டுக்கும் ஆள் தேவைப்படும், ஒரு மாசம் முன்னாடியே போய் நில்லுங்க. வெள்ளிக்கிழமை மட்டும் போயிடாதீங்க, அருங்காட்சியகங்கள் துறை மியூசியம் அன்னைக்கு லீவு.